அத்தை கொண்டுபோன பேச்சு

நான் வாழ்க்கைப்பட்டுப் போன வீட்டில் அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொள்ள மாட்டார்கள். சண்டை என்று நினைத்துவிட வேண்டாம். சண்டை போடுவதற்கும் பேசித்தானே ஆக வேண்டும். பிள்ளைக்கு மீசை அரும்பிவிட்டால் அதற்குப் பிறகு அவன் அப்பாவுக்கு எதிரே நின்று வாய் திறக்க மாட்டான். அப்பாவும் அவன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். மருமகளாக வந்தவள் மாமனார் எதிரிலேயே வரக்கூடாது, கதவுக்குப் பின்னால் நிற்க வேண்டும். அரிமளத்துப் பக்கம் அந்தக் காலத்தில் எங்கள் சனங்களுக்கு மரியாதை என்றால் இதுதான்.

அப்படியானால் குடும்பம் எப்படி நடந்தது என்று கேட்பீர்கள். அத்தை நடத்தினார். அத்தை என்றால் என் மாமியார். மாமா தன் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதை அத்தையிடம் சொல்வார், அத்தை அதை உள்ளே கொண்டுபோவார். பிள்ளை சொன்ன பதிலை வாங்கிக்கொண்டு முற்றத்துக்கு வருவார். எனக்குச் சேர வேண்டியது அடுப்படிக்கு வரும், நான் சொல்ல வேண்டியது அடுப்படியிலிருந்து போகும். ஒரு சின்ன வீட்டுக்குள் அந்த அம்மாள் நடந்த நடைக்குக் காசிக்கே போய் வந்திருக்கலாம்.

நானோ திருச்சி உறையூரில் பிறந்தவள். என் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். எங்கள் வீட்டில் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தால் எல்லோரும் ஒரே சமயத்தில் பேசுவோம், கேட்பதற்குத்தான் ஆள் இருக்காது. மூன்றாம் பாரம், இப்போதைய எட்டாம் வகுப்பு, வரை படித்த எனக்கு, இந்த வீட்டுக்கு வந்த புதிதில் வாயைக் கட்டிப் போட்ட மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரர் பொன்னமராவதியில் ஒரு கடையில் வேலையாக இருந்தார், மாதம் ஒருமுறை வருவார். அவரிடம் எதைச் சொன்னாலும், "அம்மாகிட்டச் சொல்லிரு" என்று சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விடுவார்.

அத்தை சேதி கொண்டுபோகிற அழகை நான் முதலில் வியந்துதான் பார்த்தேன். மாமா, "அந்தப் பய வெட்டியா ஊர் சுத்திக்கிட்டுத் திரியிறான், காலை ஒடிச்சுப்புடுவேன்னு சொல்லு" என்பார். அது என் கொழுந்தனிடம் வந்து சேரும்போது, "வெயில்ல அலையாத தம்பி, கறுத்துப் போயிருவேன்னு அப்பா வருத்தப்படுறாக" என்று ஆகியிருக்கும். கொழுந்தன், "என்னால எல்லாம் வயக்காட்டுக்குப் போக முடியாது, எனக்குப் படிக்கணும்" என்பான். அது முற்றத்துக்குப் போகிற வழியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, "நாளைக்கு விடிய எந்திரிச்சுப் போறேங்குது" என்று மாமா காதில் விழும். மறுநாள் அவன் போகமாட்டான். அதற்கும் அத்தையிடம் ஒரு சமாதானம் தயாராக இருக்கும். பொய் என்று சொல்லலாம்தான். ஆனால் அந்த வீட்டில் ஒரு பானை சட்டி உடைந்தது கிடையாது, அதையும் சொல்ல வேண்டும்.

இப்படியே இருந்திருந்தால் நானும் பழகிப் போயிருப்பேன். அந்தச் சமயத்தில்தான் என் கொழுந்தன் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணினான்.

அவன் புதுக்கோட்டையில் உறவுக்காரர் வீட்டில் தங்கிப் படித்தவன், சனி ஞாயிறுக்கு வீட்டுக்கு வருவான். கணக்கில் கெட்டிக்காரன். எங்கள் வகையறாவில் எஸ்.எஸ்.எல்.சி.யை எட்டிப் பார்த்த முதல் ஆள் அவன்தான். ஊரே வந்து விசாரித்துவிட்டுப் போனது. மாமா முகம் பூரித்துக் கிடந்தது, ஆனால் பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நல்லா எழுதியிருக்கான்னு சொல்லு" என்று அத்தையிடம் சொன்னார். மகன் அப்போது அவர் முதுகுக்குப் பின்னால் முறுக்குத் தின்றுகொண்டு நின்றான். அத்தை அங்கிருந்து இங்கிட்டுத் திரும்பி, "நல்லா எழுதியிருக்கியாம்" என்றார்.

அவனுடைய பள்ளிக்கூட வாத்தியார், இவன் திருச்சியில் ஒரு காலேஜில் சேர்ந்து இன்டர்மீடியட் படிக்கட்டும், அதுவும் கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி உள்ள முதல் குரூப்பில் படிக்கட்டும் என்று சொல்லி, அப்ளிகேஷன் பாரம் ஒன்றையும் வரவழைத்துக் கொடுத்திருந்தார். கொழுந்தன் அதை எடுத்துக்கொண்டு நேரே அடுப்படிக்கு வந்தான்.

"மதினி, எனக்கு எப்படியாவது திருச்சிக்குப் போயிரணும். அங்க போனாத்தான் பின்னால இன்ஜினியருக்குப் படிக்கலாம்னு சார் சொன்னாரு. நீங்க அப்பாகிட்டச் சொல்லுங்க."

"நான் எப்படித் தம்பி சொல்றது? நானே கதவுக்குப் பின்னால நிக்கிறவ."

"அப்ப அம்மாகிட்டச் சொல்லுங்க."

சொன்னேன். அம்மியில் அரைத்துக்கொண்டே சொன்னேன், களைபிடுங்கப் போகிற வழியில் சொன்னேன். காலேஜ் என்றால் என்ன, இன்டர்மீடியட் என்றால் எத்தனை வருஷம், ஹாஸ்டல் என்றால் சாப்பாடு போட்டுப் படுக்க இடமும் கொடுப்பார்கள் என்று ஒன்று விடாமல் சொன்னேன். அத்தை எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். கடைசியில் அவர் கேட்டது இவ்வளவுதான்: "சனிக்கெழமை எண்ணெ தேச்சு விடுறது யாரு?"

புதுக்கோட்டை அப்போது தனிச் சமஸ்தானம். திருச்சி வெள்ளைக்காரன் ஆட்சியில் இருந்தது. அத்தைக்கு அது ஒரு பிடி கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. "நம்ம ராசா சீமையிலயே காலேசு இருக்கயில, சீமை விட்டுச் சீமை எதுக்குத்தா போகணும்?" என்று முணுமுணுத்தார். ஆனாலும் என் நச்சரிப்புப் பொறுக்காமல், அன்று சாயந்தரம் மாமாவிடம் பேசப் போனார். மாமா முற்றத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் அகப்பையும் கையுமாக அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"மருமக சொல்லுது," என்று ஆரம்பித்தார் அத்தை, "தம்பிக்கு நம்ம புதுக்கோட்டைக் காலேசே போதுமாம். வாராவாரம் வீட்டுக்கு வந்துரலாமாம்."

நான் சொல்லாததை, நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, என் பெயரில் சொல்கிறார். வெளியே போய், இல்லை மாமா, நான் அப்படிச் சொல்லவில்லை என்று சொல்லவும் வழியில்லை.

மாமா யோசித்தார். "வாத்தியாரு திருச்சின்னுல்ல சொன்னாராம்? ஊர்ல பேசிக்கிட்டாக. அவனுக்கு அங்கிட்டுப் போக ஆசை இருந்தா போகட்டும். நான் குறுக்க நிக்கலைன்னு சொல்லு."

அத்தை எழுந்து உள்ளே வந்தார். கொழுந்தன் தானியக் குதிருக்குப் பக்கத்தில் காத்துக்கொண்டிருந்தான். "அப்பா ரொம்பத் தயங்குறாக தம்பி," என்றார் அவனிடம். "நீ திருச்சிக்குப் போயிட்டா வயக்காட்ட யாரு பாக்குறதுன்னு கேக்குறாக."

அவன் முகம் வாடிவிட்டது. கொல்லைப்பக்கம் போய்விட்டான். நான் அத்தையைப் பார்த்தேன். அத்தையும் என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன் என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். "கொழம்புக்கு உப்புப் போட்டியா?" என்றார்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்தக் குழம்பில் நான் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். மாமா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார், சொன்னாலும் அது என்னிடம் வரும்போது நல்ல குழம்பாகத்தான் வந்திருக்கும்.

பாரத்தை அனுப்புகிற கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. நான் யோசித்துப் பார்த்தேன். மாமனாரிடம் பேசக்கூடாது என்றுதான் கட்டுப்பாடு. அவர் காதில் விழும்படி பேசக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பக்கத்து வீடுகளில் மருமகள்கள் கைக்குழந்தையிடம் சொல்வது போல மாமனாருக்குச் சேதி சொல்வதை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அப்போது குழந்தை இல்லை. கன்றுக்குட்டி இருந்தது.

மறுநாள் அத்தை ஊருணிக்குத் தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து, பாரத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, முற்றத்தை ஒட்டியிருந்த தொழுவத்துக்குப் போனேன். மாமா கட்டிலில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். நான் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கன்றின் கழுத்தைத் தடவினேன்.

"ஒனக்குத் தெரியுமா கன்னுக்குட்டி? எங்க தம்பிக்குத் திருச்சிக் காலேஜ் பாரம் வந்திருக்கு. நான் எழுதி முடிச்சுட்டேன். வீட்டுப் பெரியவங்க ஒரு கையெழுத்துப் போட்டாத்தான் தபால்ல சேக்கலாம். நாள் ரொம்ப இல்லை. நேத்து நான் புதுக்கோட்டைன்னு சொன்னதா யாராவது சொல்லியிருந்தா, அது நான் சொன்னது இல்லை."

கன்றுக்குட்டி என் முந்தானையைச் சப்பிக்கொண்டு நின்றது. பின்னால் கயிறு திரிக்கிற சத்தம் நின்றுபோனது. மாமா ஒருமுறை கனைத்தார்.

"கன்னுக்குட்டிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதுல்ல," என்றார், மாட்டைப் பார்த்து. "அந்தப் பாரத்த அந்தத் தூண் ஓரமா வச்சா, தெரிஞ்சவுக போடுவாக."

வைத்தேன். திரும்பிப் பார்க்காமல் அடுப்படிக்கு ஓடிவந்து சிரித்தேன். மாமா தமிழில் தன் பெயரை எழுத்து எழுத்தாக, பாரத்தில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு எழுதியிருந்தார். அத்தை குடத்தோடு வருவதற்குள் கொழுந்தன் அதைத் தபாலில் சேர்க்க அரிமளத்துக்குக் கிளம்பிவிட்டான். அத்தைக்கு எப்படியோ தெரிந்துபோனது. "கன்னுக்குட்டிகிட்ட ஒனக்கு என்னத்தா பேச்சு?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு சில நாள் அத்தை முற்றத்துக்கும் உள்ளுக்குமாக வழக்கத்தைவிட அதிகமாக நடந்தார். ஜெயித்துவிட்டோம் என்ற தெம்பில் இருந்ததால் நான் அதைக் கவனிக்கவில்லை.

காலேஜிலிருந்து கார்டு வந்தது. பையனைத் தகப்பனாரோடு நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். மாமா மறுபடியும் தொழுவத்தைப் பார்த்து, "திருச்சியில ஊர் தெரிஞ்ச ஆளு ஒண்ணு கூட வந்தாத் தேவலை, அவுக அம்மா வீட்லயே தங்கிக்கலாம்" என்றார். அதுவரைக்கும் எந்தக் கன்றுக்குட்டிக்கும் உறையூரில் அம்மா வீடு இருந்ததில்லை. அத்தை மட்டும் வரமாட்டேன் என்றுவிட்டார். "என் புள்ளைய நானே கொண்டுபோயி விட்டுட்டு வரவா?" என்றார். கிளம்பும்போது மாமாவிடம், "தம்பிக்குக் கத்திரிக்கா ஆகாது, தின்னா ஒடம்பெல்லாம் அரிக்கும். அங்க இருக்குற பெரிய வாத்தியார்ட்ட சொல்லிருங்க" என்று ஒரு சேதியைக் கொடுத்து அனுப்பினார்.

இப்படியாக நாங்கள் மூன்று பேர் கிளம்பினோம். மாமா மகனிடம் பேச மாட்டார், மகன் அப்பாவிடம் பேச மாட்டான், நான் மாமாவிடம் பேச மாட்டேன். நடுவில் நின்று பேசுகிற ஆள் வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

யுத்த காலம் அது. பெட்ரோல் கிடைக்காததால் பஸ்ஸுக்குப் பின்னால் கரி அடுப்பு ஒன்றைக் கட்டியிருப்பார்கள். மேடு வந்தால் ஆண்பிள்ளைகள் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். அப்பாவும் மகனும் பக்கத்தில் பக்கத்தில் நின்று தோள் கொடுத்துத் தள்ளினார்கள். "கண்டக்டரே, அந்தப் பயலை வேட்டிய மடிச்சுக் கட்டச் சொல்லுங்க, சக்கரத்துல மாட்டிக்கிரும்" என்றார் மாமா. கண்டக்டர், "தம்பி, வேட்டி" என்றார். கொழுந்தன், "சரிங்கன்னு சொல்லுங்க" என்றான்.

புதுக்கோட்டையில் ரயில் ஏறினோம். ரயிலில் எதிரே ஒரு கூடைக்காரர் உட்கார்ந்திருந்தார். மாமா அவரிடம், பெட்டியை ஜன்னல் பக்கம் நகர்த்தி வைக்கும்படி அந்தப் பையனிடம் சொல்லச் சொன்னார். கூடைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அது உங்க மகன் இல்லையாங்க?"

"எம் மகன்தான்."

"அப்ப நீங்களே சொல்லலாமே."

"சொல்லலாந்தான்," என்றார் மாமா. "பழக்கமில்லை."

கூடைக்காரர் திருச்சி வரும்வரை இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தேன்.

அன்று ராத்திரி என் அம்மா வீட்டில் தங்கிவிட்டு, மறுநாள் காலேஜுக்குப் போனோம். தாழ்வாரம் முழுக்கப் பையன்களும் தகப்பன்மார்களுமாக நின்றார்கள். எங்கள் முறை வந்ததும் பியூன் கூப்பிட்டார். மாமாவும் கொழுந்தனும் உள்ளே போனார்கள். அறைக்கு நெஞ்சளவு உயரத்தில் ஆடுகிற அரைக்கதவு போட்டிருந்தார்கள். நான் அதற்குப் பின்னால் நின்றுகொண்டேன். கதவுக்குப் பின்னால் நிற்பதில் எனக்கு நல்ல பயிற்சி இருந்தது.

பிரின்சிபால் கண்ணாடி போட்ட, மெதுவாகப் பேசுகிற மனிதர். மார்க்கைப் பார்த்துவிட்டு, கணக்கில் நன்றாக வாங்கியிருக்கிறான் என்று சந்தோஷப்பட்டார். பிறகு மாமாவைப் பார்த்து, "இரண்டு வருஷம் ஊரை விட்டு இருக்கணும். உங்களுக்குச் சம்மதம்தானே?" என்றார்.

மாமா மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "என் சம்மதம் கெடக்கட்டும் ஐயா. பய மனசு வந்துதான் வந்திருக்கானான்னு நீங்களே ஒரு வார்த்தை கேளுங்க. அவனுக்கு இங்கிட்டு வர அரை மனசுதானாம். மதினி சொல்லைத் தட்ட முடியாம வாரான்னு வீட்ல சொன்னாக. புடிக்காத எடத்துல அவனைக் கட்டிப் போட எனக்கு இஷ்டமில்லை."

பிரின்சிபால் கொழுந்தன் பக்கம் திரும்பினார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அப்பா என்ன சொல்றாங்களோ அப்படி சார். அப்பா மனசில்லாமதான் கையெழுத்துப் போட்டாங்க. வயக்காட்டுக்கு ஆள் இல்லாமத் தூக்கம் வராமக் கெடக்குறாங்கன்னு அம்மா சொன்னாங்க. எனக்காக அப்பா கஷ்டப்பட வேணாம்."

அத்தை ஏன் அத்தனை நடை நடந்தார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"உங்க அப்பா உன் பக்கத்துலதானே நிக்கிறாரு," என்றார் பிரின்சிபால். "நீயே கேளேன்."

கொழுந்தன் அசையவில்லை. மாமாவும் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் பொறுமைசாலிதான், ஆனால் வெளியே அத்தனை பேர் நின்றார்கள்.

"நல்ல மார்க்குதான். ஆனா ரெண்டு பேருக்கும் மனசில்லாம எடத்தைக் குடுத்தா, பையன் பாதியில ஓடிப் போயிருவான். இந்த எடத்துக்கு வெளியில எத்தனை பேர் நிக்கிறாங்க பாருங்க. ஊருக்குப் போயி நல்லாப் பேசிக்கங்க. அடுத்த வருஷம் பாக்கலாம்."

சொல்லிவிட்டுக் கொழுந்தனின் பாரத்தை எடுத்து இன்னொரு பக்கம் வைத்தார். ஊருக்குப் போய் நல்லாப் பேசிக்கொள்வதாவது. அந்த வீட்டில் அடுத்த வருஷம் என்று ஒன்று வராது என்று எனக்குத் தெரியும். அத்தை அதற்குள் இவன் கையில் கலப்பையைக் கொடுத்து, பெண்ணும் பார்த்து வைத்திருப்பார். கொழுந்தன் கண் கலங்கி நிற்பது எனக்குப் பக்கவாட்டில் தெரிந்தது. அரைக்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

"மாமா," என்றேன்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தச் சொல்லை அவர் முகத்துக்கு நேரே நான் சொன்னதே இல்லை. மாமா திடுக்கிட்டுப் பார்த்தார். அவர் கண் பழுப்பு நிறம் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"மாமா, தம்பிக்கு அரை மனசெல்லாம் கெடையாது. இந்தக் காலேஜ்னா அதுக்கு உசிரு. பாரம் வந்த அன்னைக்கு எங்கிட்ட வந்து கெஞ்சுச்சு. தம்பி, நீயும் கேளு. அப்பா குறுக்க நிக்கலைன்னு சொன்னதை என் ரெண்டு காதாலயும் கேட்டேன். உனக்கு ஆசை இருந்தாப் போகட்டும்னுதான் அப்பா சொன்னாங்க. நடுவுல வந்ததெல்லாம் அத்தை சொந்தமாச் சேத்தது."

சொல்லி முடித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பியூன்கூட வாயைத் திறந்துகொண்டு நின்றார்.

மாமா மெதுவாகத் திரும்பினார். பிள்ளையைப் பார்த்தார். அவன் அவரைவிட அரை அடி உயரம். இத்தனை கிட்டத்தில் நின்று பார்த்து எவ்வளவு காலமோ.

"ஒனக்கு இங்க படிக்க இஷ்டமா?" என்றார்.

"இஷ்டம்ப்பா."

"முன்னமே சொல்ல வேண்டியதுதானேடா?"

"நீங்க கேக்கலையேப்பா."

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கொழுந்தனும் சிரித்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டே. பிரின்சிபால் பாரத்தைத் திரும்ப எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு, "அடுத்த வருஷம் வரை போக வேண்டாம் போலிருக்கே" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வரும்போது மாமா நின்றார். "ஐயா, இன்னொண்ணு. வீட்ல சொல்லி விட்டாக. பயலுக்குக் கத்திரிக்கா ஆகாது, ஒடம்பெல்லாம் அரிக்கும்." பிரின்சிபால் சிரிக்காமல் அதையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டார். அந்த வீட்டில் நான் இருந்த காலத்தில், கொடுத்தபடியே போய்ச் சேர்ந்த சேதி அநேகமாக அது ஒன்றுதான்.

திரும்பி வருகிற ரயிலில் அப்பாவும் மகனும் பேசினார்கள் பாருங்கள், புதுக்கோட்டை வரும்வரை வாய் மூடவில்லை. கண்மாய் மடையைப் பற்றி, செவலைக் காளையைப் பற்றி, அல்ஜீப்ரா என்றால் என்ன என்பதைப் பற்றி. மாமா என்னிடமும் ஒருமுறை, "ஏத்தா, அந்தக் கன்னுக்குட்டிகிட்ட நீ பேசுனது நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டேன்.

வீட்டு வாசலில் அத்தை நின்றார். "எடம் கெடச்சிருச்சும்மா" என்றான் கொழுந்தன். அத்தை அவன் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார், ஆனால் முகம் தெளியவில்லை. மாமா கால் கழுவிக்கொண்டே, "டேய், விடிய வரப்பு வெட்டணும், நீயும் வா" என்றார். அத்தை பழக்கத்தில் மகன் பக்கம் திரும்பி, "தம்பி, விடிய" என்று ஆரம்பித்தார். அதற்குள் அவன், "வாரேம்ப்பா" என்றான். அத்தை பாதிச் சொல்லோடு அப்படியே நின்றுவிட்டார்.

அடுப்படிக்கு வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். நல்லவேளையாக எனக்கு இப்போது பயம் போயிருந்தது. "ஏன் அத்தை இப்படிப் பண்ணுனீங்க? புள்ளை படிப்பே போயிருக்குமே" என்று கேட்டேன். அத்தை மறைக்கவில்லை. அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே சொன்னார்.

"மூத்தவன் போனான். மாசம் ஒருக்கா வாரான், வந்தா ஒங்கிட்டத்தான் பேசுறான். இவனும் போயிட்டா இந்த வீட்ல நான் யாரு சேதியைத் தூக்கிக்கிட்டு யாருகிட்டப் போறது? அவுக பாட்டுக்குக் கட்டில்ல உக்காந்திருப்பாக. நான் பாட்டுக்கு அடுப்படியில கெடக்கணும். அதுக்கு வாராவாரம் வந்து போற மாதிரி புதுக்கோட்டையில இருந்தா என்னன்னு நெனச்சேன். தப்புத்தான்."

அவர் மேல் எனக்கு இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

காலேஜ் திறக்கிற சமயம் வந்தது. அத்தையே முறுக்குச் சுட்டார், எள்ளுருண்டை பிடித்தார், எண்ணெய்ப் புட்டி ஒன்றைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். சனிக்கிழமை தானே தேய்த்துக்கொள்ள வேண்டும் என்று அவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். மாமாவே மாட்டு வண்டியில் அவனைக் கூட்டிக்கொண்டுபோய் அரிமளத்தில் பஸ் ஏற்றிவிட்டார். வண்டி தெருமுனை திரும்புகிறவரை அப்பாவும் மகனும் பேசிக்கொண்டு போவது எங்களுக்குக் கேட்டது. அத்தை வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட அவர் பல்லில் படவில்லை.

மாமா திரும்பி வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. கட்டிலில் உட்கார்ந்தார். அத்தை வழக்கம்போல வந்து தூண் ஓரத்தில் நின்றார். நான் அடுப்படி வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தேன். கதவுக்குப் பின்னால் போகிற வேலை எனக்கு அத்தோடு ஒழிந்திருந்தது.

"பஸ் ஏறிட்டான்," என்றார் மாமா.

அத்தை தலையை ஆட்டினார். அதை அடுத்து மாமா என்ன சொல்வார், யாருக்குச் சொல்லச் சொல்வார் என்று காத்துக்கொண்டு நின்றார். மாமா கொஞ்ச நேரம் முற்றத்தைப் பார்த்தார். வீட்டில் சொல்லி அனுப்புவதற்கு ஆள் யாரும் இல்லை. அப்புறம் அத்தையைப் பார்த்தார்.

"நீ சாப்பிட்டியா?" என்றார்.

அத்தை சட்டென்று அடுப்படிப் பக்கம் திரும்பினார். "ஏத்தா, சாப்பிட்டியான்னு கேக்குறாக."

"அத்தை," என்றேன், "மாமா என்னைக் கேக்கலை. உங்களத்தான் கேக்குறாங்க."

அத்தை மாமாவைப் பார்த்தார். மாமா ஆமாம் என்பது போலத் தலையை அசைத்தார். அத்தை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த ஒரு கேள்வியை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.